பொய் அழுத்தம்

பேய், ஆவி, மறுபிறவி, செத்தவர் குரல் ஆகியவற்றில் எதுவுமே இந்தப் பிரபஞ்சத்தில் கிடையாது என்பதை மனித குலத்தின் சார்பில் ஒருவர் இருபத்தாறு வருடங்களாக உறுதிசெய்து வந்தார். மனித குலம் இந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எதற்கெடுத்தாலும் “ஆதாரம் என்ன?” என்று கேட்பதால் அவருக்கு ஆதாரம் என்றே பெயர் விழுந்துவிட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் காது சோதிக்கும் வேலை. அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் பேய். பேய் உலாவுவதாகச் சொல்லப்பட்ட ஏழு வீடுகளில் போய்ப் படுத்திருக்கிறார். ஏழிலும் சொந்தக் கட்டிலைவிட நன்றாகத் தூங்கினார். அலமாரியில் ஆவிகளைப் பற்றி முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள். “மறுக்கறதுக்காகப் படிக்கறேன்” என்பார். மறுக்கும் புத்தகங்கள் நாலே நாலு இருந்தன. அவற்றின் பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியே கிடந்தன. மாதம் ஒருமுறை கூடும் அவருடைய ஆய்வு வட்டத்தில் ஐந்து உறுப்பினர்கள், அதில் இரண்டு பேர் டீக்காக வருபவர்கள். “அப்படி ஒண்ணு இருந்திருந்தா, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது எங்கிட்ட வந்திருக்கும்ல?” என்று அங்கே அவர் முழங்கும்போது, கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதவனின் மனத்தாங்கல் அதில் லேசாகத் தட்டுப்படும்.

ஐம்பத்தேழு வயது. கால் வலி. இந்த வருடத்தோடு ஆய்வு வட்டத்தைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் லாரி டிரைவர் வந்தார்.

சோதனை நடக்கும் அறையை எல்லோரும் ‘பெட்டி’ என்பார்கள். அறைக்குள் அறை. ஆறடிக்கு ஆறடி, சுவரெங்கும் முட்டை அட்டைபோல் குண்டும் குழியுமாகச் சாம்பல் நிற நுரை, ஒரு கை தடிமனில் கதவு. சாத்தினால் தெரு, மின்விசிறி, பக்கத்து அறை இருமல் எல்லாம் கத்தரித்தாற்போல் நின்றுபோய், உட்கார்ந்திருப்பவருக்குத் தன் எச்சில் விழுங்கும் சத்தம் பெரிதாகக் கேட்கும். ரப்பரும் பல பேர் தலையெண்ணெயும் கலந்த ஒரு பழைய வாசனை. உள்ளே ஒரு நாற்காலி. அதன் இடது பக்கம் ஒரு ஸ்டூல், குழந்தைகளைச் சோதிக்கும்போது கூட வருகிறவர் உட்கார. நாற்காலிக்கு எதிரே இரட்டைக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மிஷினும் ஆதாரமும்.

ஹெட்போனில் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் ஸ்விட்சை அழுத்த வேண்டும். அழுத்தினால் மிஷினில் பச்சை விளக்கு எரியும். முதலில் வலது காது, பிறகு இடது. ஆட்கள் குத்துமதிப்பாக அழுத்துகிறார்களா என்று பார்க்க, மிஷின் நடுநடுவே சத்தம் எதுவும் தராமல் சில நொடி சும்மா இருக்கும். அந்தச் சும்மாவில் விளக்கு எரிந்தால் அது பொய் அழுத்தம். ஆதாரத்துக்கு மிகவும் பிடித்த சொல். உலகத்து மர்மங்களில் பாதியை அவர் இந்த ஒரு சொல்லிலேயே தீர்த்துவைப்பார். இன்னொரு கொள்கையும் உண்டு: விளக்கைப் பார், ஆளைப் பார்க்காதே. ஆள் முகம் நம்மை ஏமாற்றும். அதனால் சோதனை முடியும்வரை அவர் கண்ணாடிப் பக்கம் நிமிர்வதே இல்லை.

லாரி டிரைவர் வலது காதில் ஒழுங்காக அழுத்தினார். இடது காதில், சும்மா வந்த மூன்று இடத்திலும் அழுத்தினார். எஞ்சின் இரைச்சலில் கெட்ட காது என்று ஆதாரம் எழுதிவைத்தார்.

மறுநாள் ஒரு தையல்காரம்மா. இடது காது. அதே மூன்று இடம்.

“சத்தம் கேட்டா மட்டும் அழுத்தணும்னு சொன்னேனேம்மா.”

“நான் எங்க சார் அழுத்தினேன்? ஸ்விட்ச் லூஸா இருக்கு. தானா உள்ள போகுது. பார்த்துச் சரி பண்ணுங்க, ஷாக் அடிச்சு வைக்கப் போகுது.”

அன்று சாயங்காலமே மிஷின் ரிப்பேர்காரர் வந்து புது ஸ்விட்ச் போட்டார். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து மூடிவிட்டு, ஆதாரத்தின் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். ஆதாரம் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்று, “என்ன?” என்றார். யாராக இருந்தாலும் தன் வலது பக்கம் நிறுத்தித்தான் பேசுவது அவர் வழக்கம். அதற்கு ஒரு காரணம் உண்டு. இப்போது அது வேண்டாம்.

“மிஷின் உங்களைவிட ஆரோக்கியமா இருக்கு சார்னு சொன்னேன்” என்றார் ரிப்பேர்காரர்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினாலு பேர் ஆகிவிட்டது. வங்கிக்காரர், நடத்துனர், ஒரு பாட்டு டீச்சர். எல்லோரும் இடது காது. வலது காதில் ஒருவர்கூட இல்லை. ஆதாரம் மிஷின் அச்சடித்துத் தந்த பதினாலு சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மற்றவர் சொன்ன கதையாக இருந்தால் இந்நேரம் நாலு காரணம் சொல்லியிருப்பார். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில், வெட்கக்கேடாக, ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. பத்திரிகை வந்துவிட்டதோ?

வீட்டுக்குப் போனால் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்காதான் அவருக்கு வீடு. கல்யாணம் செய்துகொள்ளாமல் இருபது வருடமாக அக்கா, அத்தானோடுதான் இருந்தார். அத்தான் போய்ப் பத்து மாதம் ஆகிறது. சாப்பாட்டு மேஜையில் அத்தான் எப்போதும் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, ஓயாமல் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஆதாரம் தலையை ஆட்டுவார். “உன் தம்பிக்கு நான் பேசினாலே அலட்சியம்” என்று அத்தான் அக்காவிடம் குறைப்படுவாராம். அந்த நாற்காலி இப்போதும் அங்கேதான் இருந்தது. அதன்மேல் அக்காவின் பை.

“ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பறேன்டா.”

அவள் கிளம்புவது அலைவரிசை என்ற ஒரு பெரியவரிடம். முன்பு ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். ரேடியோ ஒழிந்தபின், மிஞ்சிக் கிடந்த ஸ்பீக்கர்களை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஞானம் வந்துவிட்டது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே வரும் இரைச்சலில்தான் செத்தவர்கள் பேசுகிறார்கள்; இடது காதில் மட்டும்தான் பேசுவார்கள். மலைமேல் அவருக்கு ஓர் இல்லம். போய்ச் சேர்ந்தால் இறங்கி வரக்கூடாது, போன் கூடாது, ரத்த உறவு கூடாது. இவரை அம்பலப்படுத்துவதற்காக ஆதாரம் மூன்று தடவை போயிருக்கிறார். மூன்றாம் தடவை, முதுகுக்கு ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார்.

“அந்த ஆள் ஃபிராடுக்கா.”

“இருக்கட்டும். நீ சொல்லாததை அவர் சொல்றேங்கறார்.”

இதுதான். எப்போதும் இங்கேதான் வந்து முட்டும். அத்தானின் கடைசி நாளில், ஆஸ்பத்திரியில், அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆதாரம் மட்டும், சுவரோரம் இடுக்கில், கட்டில் இடது பக்கம் வரும்படி போட்டிருந்த ஒரே நாற்காலியில். அக்கா மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“என்ன சொன்னார்டா உங்கிட்ட?”

“எத்தனை தடவை கேப்பே? தண்ணி கேட்டார்.”

“தண்ணி கேக்கறதுக்கு யாராவது அஞ்சு நிமிஷம் பேசுவாங்களா? நர்ஸ் பார்த்திருக்கா. அவர் உன் தோளைப் புடிச்சுக்கிட்டுக் காதோட பேசிக்கிட்டே இருந்தாராம். நீ தலையாட்டினியாம். அப்புறம்தான் கையை விட்டாராம்.”

தலையாட்டியது உண்மை. அதைப் பற்றி அவர் நினைப்பதே இல்லை. அதாவது, தினமும் விடியற்காலையில் ஒரு தடவை மட்டும் நினைப்பார்.

அக்கா போய்விட்டால் இந்த வீட்டில் அவரும் முந்நூறு புத்தகமும்தான். அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. விஞ்ஞானம்தான் வந்தது.

“ராத்திரி இடது காதுல அத்தான் குரல் கேக்குதுங்கறே இல்ல? நாளைக்குப் பெட்டியில வந்து உட்காரு. சும்மா இருக்கற இடத்துல நீ அழுத்தினா, அது காதுக் கோளாறு. ஒப்புக்கணும். போகக்கூடாது.”

“அழுத்தலைன்னா?”

“நானே வந்து பஸ் ஏத்தி விடறேன்.”

அக்கா பையைப் பார்த்தாள். “சரி” என்றாள்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. டாக்டர் போய்விட்டார். சீட்டு எழுதும் பெண் டிபன் டப்பாவோடு மாடிக்குப் போனாள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது; ஜன்னல் திரையில் ஒரு ஈ மோதி மோதி விழுந்துகொண்டிருந்தது. பயப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத நேரம் கிடைக்காது.

அக்கா பெட்டிக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஆதாரம் அவளுக்கு ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, கொள்கைப்படி விளக்கை மட்டும் பார்த்தார். வலது காது, வயதுக்கு மோசமில்லை. இடது காது. முதல் சும்மா.

பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டாவது. எரிந்தது. மூன்றாவது. எரிந்து, உடனே அணையாமல், யாரோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்று, பிறகு அணைந்தது.

ஜெயித்தாயிற்று. சீட்டைக் கிழித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

“பார்த்தியா? மூணு இடம். மிஷின் வாயே திறக்கலை, நீ அழுத்தியிருக்கே. கோளாறு.”

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. எனக்குக் கோளாறு. அப்ப கோளாறு இல்லாத காது அழுத்தாது. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“போய் உட்காரு.”

“நானா? எனக்கெதுக்கு?”

“உன் சீட்டுல சும்மா இருக்கற இடம் சும்மாவே இருந்துச்சுன்னா, வீட்டுக்கு வந்து பையைப் பிரிச்சுடறேன். அப்புறம் மலைன்னு வாயத் திறக்க மாட்டேன். ஏன்டா, பயமா?”

“பயமா? எனக்கா?” சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. “சரி. ஆனா வலது காது முடிஞ்சதும் இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்திடு.”

“எனக்கு இடதுலதானே வந்துது?”

“ரெண்டும் ஒரே தலையிலதான் இருக்கு. ஒரு காது போதும். விஞ்ஞானம் அப்படித்தான்.”

அக்கா மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள்; எந்தப் பட்டனை அமுக்கினால் அது தானாக ஓடும் என்று ஆதாரம் காட்டினார்.

“விளக்கை மட்டும் பாரு. என்னைப் பார்க்காதே.”

பதினெட்டு வருடமாக அந்தப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். கதவு சாத்தி உள்ளே உட்கார்ந்து பல காலம் ஆகியிருந்தது. கதவு கவ்விக்கொண்டதும் காற்று ஒரு தரம் காதை அழுத்தி விட்டது. நாற்காலியில் அக்காவின் சூடு இன்னும் இருந்தது. ரப்பர், தலையெண்ணெய், இவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருப்பதுபோல், ஆஸ்பத்திரிப் போர்வையை வெந்நீரில் அலசினாற்போல் ஒரு வாசனை, மூக்கை உறிஞ்சித் தேடினால் இல்லாமல் போய், தேடுவதை விட்டால் திரும்ப வந்தது. கண்ணாடிக்கு வெளியே அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மிஷின்மேல் குனிந்தாள். வலது காதில் சத்தம் தொடங்கியது, கீச்சென்று, பிறகு இறங்கி இறங்கி, நூல் மாதிரி மெலிந்து. அழுத்தினார். அழுத்தினார். சும்மா வந்தது. அழுத்தவில்லை. மனம் லேசாயிற்று. இன்னும் இரண்டு நிமிடம். அப்புறம் வீடு. அக்கா பையைப் பிரிப்பாள். அந்த நாற்காலி காலியாகும்.

வலது காது முடிந்தது.

ஸ்விட்சை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு கதவு திறக்கக் காத்திருந்தார்.

கதவு திறக்கவில்லை.

அக்கா குனிந்தபடியே இருந்தாள். சிவப்புப் பட்டன் எதுவென்று மறந்துவிட்டாளா? கையை ஆட்டினார். அவள் பார்க்கவில்லை, பார்க்காதே என்று சொன்னவர் அவர்தான். ஏதோ பச்சையாக அவள் கன்னத்தில் விழுந்தது. அணைந்தது. மறுபடி விழுந்தது.

என்ன பச்சை?

அந்த மிஷினில் பச்சையாக இருப்பது ஒன்றுதான்.

ஆதாரம் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் முழங்காலில் இருந்தன. பத்து விரல்களும் இருந்தன. அக்காவின் கன்னத்தில் பச்சை வந்தது. போனது. சீராக. அவசரமில்லாமல். நன்றாகக் கேட்கிற ஒருவர் அழுத்துவதுபோல்.

இடது பக்கம் திரும்பவேண்டும். ஸ்டூல் அங்கேதான். கழுத்து திரும்பவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினார்.

ஸ்விட்ச் வைத்த இடத்தில் இருந்தது. வயர் ஆடவில்லை. பட்டன் உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே போனது.

லூஸ் ஸ்விட்ச். புதுசு. புதுசு என்றாலும் லூஸ். காரணம் இருக்கும். இருபத்தாறு வருடம். எல்லாவற்றுக்கும் இருந்தது.

அப்போது ஹெட்போனின் இடது பக்கம் அமுங்கியது. வெளியிலிருந்து. ஒரே ஹெட்போனில் இரண்டு பேர் கேட்கும்போது, மற்றவர் தன் தலையைக் கொண்டுவந்து நம் தலையோடு ஒட்டிவைப்பார்களே, அப்படி. கனமாக. பழக்கமாக.

கன்னத்தில் மூச்சு. சூடு இல்லாத மூச்சு.

தோளில் ஒரு கை. இடது தோள். அந்தப் பிடி அவருக்குத் தெரியும்.

மூச்சு விட்டு விட்டு வந்தது. நீளமாக. குட்டையாக. நிறுத்தி. மறுபடி. பேச்சின் தாளம். யாரோ சொல்லிக்கொண்டே போகிறார். ஏதோ கேட்கிறார். நிறுத்துகிறார். பதிலுக்காக.

தோளில் பிடி இறுகியது.

ஆதாரம் தலையாட்டினார்.

வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. மேஜையில் அத்தனை வருடம் ஆட்டியதுபோல். ஆஸ்பத்திரியில் ஆட்டியதுபோல். ஆம், ஆம் என்று.

பிடி விட்டது.

கதவு திறந்தது. மதியம் உள்ளே வந்தது. அக்கா சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

“நீ சொன்ன மாதிரி நான் நிறுத்தலைடா. முழுசா ஓட விட்டேன்.”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். அது நழுவித் தரையில் விழுந்தது.

“வலது காதுல கொஞ்சம் விட்டிருக்கே. வயசாச்சு. ஆனா இடது காதுல பாரு, ஒண்ணுகூட விடலை. ரொம்பச் சின்னச் சத்தம்னு போட்டிருக்கே, அதுகூட. மிஷின் சும்மா இருந்த மூணு இடமும் சேர்த்து.” விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் காட்டினாள். “எனக்கு உன் மிஷின் தெரியாது. ஆனா இது நல்ல காதுன்னு தெரியுது. இப்படிப்பட்ட காதோட பக்கத்துல உட்கார்ந்துகிட்டு, அவர் அஞ்சு நிமிஷம் சொன்னதைத் தண்ணின்னு சொல்லிட்டே.”

“அக்கா...”

“இப்ப நீ தலையாட்டினதையும் பார்த்தேன். கடைசில ஒரு தடவை நிமிர்ந்தேன். அன்னிக்கு அந்த நர்ஸ் சொன்ன மாதிரியே ஆட்டினே.” அருகில் வந்தாள். “நான் மலைக்குப் போகலை. எங்கேயும் போகலை. நீ சொல்லு, போதும். அவர் எதைக் கேட்டார்? நீ எதுக்குச் சரின்னே?”

அவளுக்குப் பின்னால், யாருமில்லாத மேஜையில், மிஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணையவில்லை. ஸ்டூல்மேல் ஸ்விட்சின் பட்டன் அடிவரை உள்ளே போய், அப்படியே நின்றிருந்தது.

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதாரத்துக்கு இடது காது கேட்காது. பதினோரு வருடமாகக் கேட்காது. வேலை போய்விடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.